ஈகைக்கு முன்னே ஒப்புரவு



நமது அறவாரியத்தின் கல்வி நிதிக்கு ஆண்டுதோறும் பலவகை விண்ணப்பங்கள் வருகின்றன. கட்டணம் செலுத்த இயலாத மாணவர், மூக்குக் கண்ணாடி தேவைப்படும் குழந்தை, மடிக்கணினி கேட்கும் பட்டப்படிப்பு மாணவி என்று அவை நமக்குப் பழக்கமானவை. அண்மைக் காலமாக அவற்றோடு வேறொரு வகைக் கடிதமும் சேர்ந்திருக்கிறது. “நாங்கள் பல்கலைக்கழக மாணவர்கள். ஓராங் அஸ்லி கிராமம் ஒன்றில் சேவைவழிக் கற்றல் திட்டம் மேற்கொள்கிறோம். பேருந்துச் செலவுக்கும் பொருள்கள் வாங்கவும் தங்கள் உதவி வேண்டும்” என்பது அதன் சாரம்.

இத்தகைய கடிதம் வரும்போதெல்லாம் செயலவையில் இரண்டு கருத்துகள் எழுகின்றன. நல்ல காரியம்தானே, கேள்வி எதற்கு, கொடுத்துவிடலாம் என்பார் ஒரு சாரார். நம் பிள்ளைகளுக்கே போதாதபோது பிறருக்கு ஏன் என்பார் மற்றொரு சாரார். நிதி உங்களுடையது, ஆகவே இத்திட்டம் என்ன, அது எப்போது பயன் தரும், எப்போது வெறும் சடங்காகிவிடும் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பணி ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

திருக்குறளைப் புரட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அறத்துப்பாலில் 23ஆம் அதிகாரம் ‘ஈகை’. அதற்கு முந்திய 22ஆம் அதிகாரம் ‘ஒப்புரவறிதல்’. இல்லாதவர்க்குக் கொடுப்பது ஈகை. உலகத்தாரோடு ஒத்து, ஊருக்கு எது பொருந்தும் என்று அறிந்து உதவுவது ஒப்புரவு. ஈகையைச் சொல்லுமுன் வள்ளுவர் இதனைச் சொன்னார். அதிலும் ‘அறிதல்’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே சேர்த்தார். நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த வரிசையில் அடங்கியிருக்கிறது.

யார் இந்த மக்கள்?

தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடி மக்களை ‘ஓராங் அஸ்லி’ என்கிறோம். ஏறத்தாழ 2 இலட்சம் பேர். தீபகற்பத்தின் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. நெகிரிட்டோ, செனோய், மெலாயு புரோத்தோ என்று மூன்று பெரும் பிரிவுகளும், அவற்றுள் 18 உட்பிரிவுகளும் உண்டு. 1954ஆம் ஆண்டின் பூர்வகுடி மக்கள் சட்டம் அவர்களது விவகாரங்களை ஆள்கிறது. ‘ஜக்கோவா’ எனப்படும் ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறை அவர்களுக்குரிய அரசுத் துறையாகும். ஊர்த் தலைவரைப் ‘பாத்தின்’ என்று அழைப்பார்கள்.

இவர்கள் எங்கோ கிளந்தான் காட்டிலும் பகாங் மலையிலும் மட்டும் இருப்பவர்கள் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். டாமன்சாரா பெர்டானாவின் அடுக்குமாடிகளுக்கிடையே புக்கிட் லஞ்சான் தெமுவான் மக்களின் குடியிருப்பு உள்ளது. கோம்பாக்கில் ஓராங் அஸ்லி மருத்துவமனையும் அரும்பொருளகமும் இருக்கின்றன. கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆற்றைக் கடந்தால் வரும் கேரித்தீவில் மா மெரி மக்கள் வாழ்கிறார்கள்.

கேரித்தீவு என்றதும் பழைய அன்பர்கள் பலருக்குச் சொந்த ஊர் நினைவு வரும். துரைமார் காலத்தில் பால்மரமும் பின்னர் செம்பனையும் நட்ட அத்தீவில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். அதே தீவில், அவர்களுக்கு முன்பிருந்தே, மா மெரி மக்களின் கம்போங்குகள் இருந்தன. மூதாதையரைப் போற்றும் ‘ஹரி மோயாங்’ நாளில் அவர்கள் நிப்பா ஓலையையும் தென்னங்குருத்தையும் மடித்துப் பூவாகவும் பறவையாகவும் தொங்கவிடுவதைப் பார்ப்பவருக்கு நம் கோயில் வாசலின் குருத்தோலைத் தோரணம் நினைவுக்கு வராமல் போகாது. முகமூடி ஆட்டத்திற்கும், சதுப்புநில மரத்தில் செதுக்கும் சிற்பங்களுக்கும், தாழை இனத்து மெங்குவாங் ஓலைப் பின்னலுக்கும் அவர்கள் பெயர் பெற்றவர்கள். ஆயினும் இரு சமூகத்தாரும் பக்கத்தில் இருந்தே பழகாமல் போன காலமே அதிகம்.

சேவைவழிக் கற்றல் என்பது என்ன?

நாம் அறிந்த ‘கோத்தோங் ரோயோங்’ வேறு, இது வேறு. கூட்டுப்பணியில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு மண்டபத்தைச் சுத்தம் செய்து வீடு திரும்புவார்கள். சேவைவழிக் கற்றலில் பணி என்பது பாடத்தின் ஒரு பகுதி. அதற்கு மதிப்பெண் உண்டு. மாணவர் தாம் படிக்கும் துறையின் அறிவைக்கொண்டே ஊருக்கு ஒன்றைச் செய்ய வேண்டும். செய்த பின் என்ன கற்றோம், எங்கே நம் எண்ணம் பிழைத்தது என்று சிந்தித்து எழுத வேண்டும். அந்தச் சிந்தனைப் பகுதி இல்லையேல் அது சேவை மட்டுமே, கற்றல் ஆகாது.

இந்தப் பெயர் அமெரிக்காவில் 1960களில் வழக்குக்கு வந்தது. இந்தியாவில் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது. அது பாடத்தோடு இணையாத தொண்டாயினும் நோக்கத்தில் நெருங்கிய உறவு. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு கல்வி அமைச்சு ‘சூலாம்’ என்ற பெயரில் இதனைப் பல்கலைக்கழகங்களின் பாடமுறைக்குள் முறையாகக் கொண்டுவந்தது. சர்வீஸ் லேர்னிங் மலேசியா என்ற திட்டப் பெயரின் சுருக்கம் அது. மலாய் மொழியில் ‘சூலாம்’ என்றால் பூத்தையல். ஊசி துணியின் இரு பக்கமும் போய்வந்தால்தான் பூ விழும் என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு சொன்னால் விளங்கும். பாயும் கூடையும் பின்னும் பெண்கள் தங்கள் பொருளுக்கு என்ன விலை வைப்பது என்று கேட்கிறார்கள் என்று கொள்வோம். கணக்கியல் மாணவர்கள் போகிறார்கள். ஓலையை வெட்டி, முள் நீக்கி, கீற்றாகக் கிழித்து, அவித்து, ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, சாயம் ஏற்றிய பிறகுதான் பின்னல் தொடங்குகிறது. இதில் எத்தனை நாள் உழைப்பு, சாயத்திற்கு என்ன செலவு, பந்திங்குக்குப் போய்வரும் வண்டிச் செலவு எவ்வளவு என்று பெண்களோடு அமர்ந்து எழுதுகிறார்கள். பெண்களுக்கு நட்டமில்லாத விலை தெரிகிறது. மாணவருக்கோ, பாடநூலில் ‘உழைப்பு நேரம்’ என்று ஒரே வரியில் படித்தது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அடுப்பில் ஓலை அவிக்கும் தாயின் வாழ்வில் எத்தனை சிக்கலானது என்பது தெரிகிறது. இரு தரப்பும் பெற்றன. இரு தரப்பும் கொடுத்தன. இதுவே முறையான சேவைவழிக் கற்றல்.

நாம் அறிந்த முன்மாதிரி

நம் சமூகத்திற்கு இது புதிதன்று. 1982இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் மு. தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கியபோது, பல்கலைக்கழக மாணவர்களையே இளையோருக்குப் பாடம் நடத்தும் ஆசிரியராக்கினார். தோட்டப்புறத்துப் பிள்ளைகள் படித்துப் பல்கலைக்கழகம் போனார்கள். அவர்களில் பலர் திரும்பி வந்து அடுத்த அணிக்குப் பாடம் நடத்தினார்கள்.

அது வெற்றி பெற்றதன் காரணம் என்ன? முதலாவது, வாரந்தோறும் நடந்தது. ஒருநாள் விழாவாக இல்லை. இரண்டாவது, எங்கள் பிள்ளை தேர்வில் தேற வேண்டும் என்று பெற்றோரே கேட்ட தேவை அது. மூன்றாவது, உதவி பெற்றவர் உதவுகிறவராக மாற வழி இருந்தது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு, ஓராங் அஸ்லி கிராமத்திற்குப் போகும் திட்டங்களைப் பார்ப்போம்.

பதினான்கு வாரக் கணக்கு

நம் பல்கலைக்கழகங்களில் ஒரு தவணைக்குப் பெரும்பாலும் 14 வாரம் பாடம் நடைபெறும். முதல் சில வாரம் குழு அமைப்பதில் போகும். கடைசி வாரங்கள் அறிக்கைக்கும் தேர்வுக்கும் போகும். நடுவில் கிடைப்பது ஓரிரு சனி ஞாயிறு. அதற்குள் ஒரு ‘திட்டம்’ முடிந்தாக வேண்டும்.

இந்தக் கால நெருக்கடியால் விளைவது என்ன? ஓரிரு நாளில் முடியக்கூடிய வேலையே தேர்ந்தெடுக்கப்படுகிறது. சுவருக்குச் சாயம், பிள்ளைகளுக்கு விளையாட்டு, அரிசிப் பை, பழைய துணி, பதாகைக்கு முன்னால் ஒரு புகைப்படம். அடுத்த தவணையில் வேறொரு கல்லூரி வரும்; மீண்டும் அதே சுவருக்குச் சாயம். நகருக்கு அருகில் உள்ள கிராமங்களுக்கே பேருந்து எளிதில் போகும் என்பதால் அவற்றுக்கே குழுக்கள் மாறி மாறிப் போகும். தொலைவில் உள்ளவை விடுபடும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். விருந்தினர் வந்தால் ஊரார் வேலைக்குப் போகாமல் இருந்து வரவேற்க வேண்டும். பாத்தின் உரையாற்ற வேண்டும், பெண்கள் சமைக்க வேண்டும், பிள்ளைகள் ஆடிக்காட்ட வேண்டும். அன்றைய கூலி போனது எவர் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. மாணவருக்கு மதிப்பெண் கிடைக்கும். விரிவுரையாளருக்கு ஒரு கட்டுரை கிடைக்கும். நமக்கு ஒரு நன்றிக் கடிதம் கிடைக்கும். ஊருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

மாணவர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் நல்ல மனத்தோடுதான் போகிறார்கள். தவணை முறை அவர்களை அவசரப்படுத்துகிறது. நம்மைப் போன்ற நன்கொடையாளர்களும் புகைப்படம் கேட்டு அந்த அவசரத்திற்குத் துணைபோகிறோம். ஒரே ஊரோடு ஒரு துறை பல ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஓர் அணி விட்ட இடத்திலிருந்து அடுத்த அணி தொடங்கினால் இந்தக் குறை பெரும்பாலும் தீரும். ஊர் ஒன்றே, விரிவுரையாளர் ஒருவரே, மாணவர் மட்டும் மாறுவர்.

கற்றுக்கொடுப்பவர் யார்?

படித்தவர் கொடுப்பவர், படிக்காதவர் பெறுபவர் என்ற எண்ணம் நம்மிடம் ஆழ வேரூன்றியிருக்கிறது. தமிழ்நாட்டு இருளர் மக்களின் கதை அதைத் திருத்தும்.

செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் பாம்பு பிடிப்பதில் வல்லவர்கள். 1978இல் அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, விஷமுறிவு மருந்து தயாரிக்கப் பாம்பு விஷம் எடுத்துத் தரும் தொழிலைத் தொடங்கினார்கள். 2017ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகம், மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அழைத்துச் சென்றது. அங்குள்ள சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க அங்குள்ளோர் திணறிக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பாளர்களுடன் சென்ற இருவரும் இரண்டு வாரத்திற்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். புல் மடிந்திருப்பதையும் மண்ணில் உள்ள தடத்தையும் பார்த்துப் பாம்பின் போக்கை அறியும் கல்வி அவர்களுடையது. 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது.

அந்தப் பல்கலைக்கழகம் இருளர்களைத் துறை வல்லுநர்களாக அழைத்தது. நம் மாணவர்களும் மா மெரி சிற்பியிடமோ தெமுவான் மூதாட்டியிடமோ போகும்போது, மாணவராகவே போக வேண்டும்.

அந்த அறிவு யாருடையது?

அறிவு என்றால் அதற்கு உரிமையாளர் உண்டு. இது வெறும் மரியாதைப் பேச்சன்று. நிலமே இதில் அடங்கியிருக்கிறது.

1995இல் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காக, டெங்கில் அருகே புக்கிட் தம்போய் தெமுவான் மக்களின் 38 ஏக்கர் நிலம் எடுக்கப்பட்டது. வீட்டிற்கும் மரங்களுக்கும் பயிருக்கும் தொகை கொடுக்கப்பட்டது, நிலத்திற்குக் கொடுக்கப்படவில்லை. நிலம் அவர்களுடையதன்று என்பது அரசுத் தரப்பின் வாதம். சகோங் தாசி என்பவரும் மற்றவர்களும் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கறிஞர்கள் கட்டணமின்றி வாதாடினார்கள். 2002இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம், அம்மக்களின் வாய்மொழி வரலாற்றையும் வழக்காறுகளையும் சான்றாகக் கொண்டு, அந்நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய தீர்ப்பு அதனை உறுதிசெய்தது. 2010இல் 65 இலட்சம் ரிங்கிட் இழப்பீட்டுடன் வழக்கு முடிவுக்கு வந்தது. நிலம் எடுக்கப்பட்டு 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதிலிருந்து தெரிவது என்ன? பாட்டன் நட்ட டுரியான் மரம் எது, மூதாதையர் புதைகுழி எங்கே, ஆற்றின் வளைவுக்கு என்ன பெயர் என்பன ஒரு முதியவரின் நினைவில் இருக்கும் கதைகள் மட்டுமல்ல. நாளை அவை நீதிமன்றத்தில் சான்றாகலாம். மாணவர் ஒருவர் ஊரின் வரைபடத்தைப் போட்டு, முதியவரின் பேச்சைப் பதிவு செய்துகொண்டு போய், அது விரிவுரையாளரின் அலமாரியில் தங்கிவிட்டால் ஊர் தன் சொத்தை இழந்தது. அதே வரைபடத்தின் ஒரு படி பாத்தின் வீட்டில் இருந்தால் ஊருக்கு ஒரு காப்பு. கேரித்தீவில் பெரிய துறைமுகம் அமைப்பதுபற்றி 2017இல் அறிவிக்கப்பட்டதை அன்பர்கள் நினைவில் கொண்டிருப்பார்கள். அத்தகைய தீவில் இந்த வேறுபாடு சிறியதன்று.

கனடாவின் பூர்வகுடியினர் 1998இல் இதற்கு நான்கு நெறிகள் வகுத்தார்கள். தங்களைப்பற்றிய தகவலின் உடைமை, அதன்மேல் கட்டுப்பாடு, அதைப் பார்க்கும் உரிமை, அதைக் கைவசம் வைத்திருத்தல் ஆகிய நான்கும் சமூகத்துக்கே உரியவை என்றார்கள். 2007 செப்டம்பர் 13ஆம் நாள் ஐக்கிய நாட்டுச் சபை ஏற்ற பூர்வகுடி மக்கள் உரிமைப் பிரகடனம், முன்கூட்டியே, முழு விவரத்துடன், கட்டாயமின்றிப் பெறும் சம்மதத்தை வலியுறுத்துகிறது. மலேசியா அதற்கு ஆதரவாக வாக்களித்த நாடு. ஓராங் அஸ்லி ஊர்களில் ஆய்வு செய்ய ஜக்கோவாவின் அனுமதி பெறுவது நடைமுறை. ஆனால் துறையின் அனுமதி வேறு, ஊரின் சம்மதம் வேறு. இரண்டும் வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாத இடத்தில் சம்மதம் என்பதற்குப் பொருளில்லை.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, இனி இத்தகைய விண்ணப்பம் வரும்போது நாம் ஐந்து கேள்விகள் கேட்கலாம் என்பது என் பரிந்துரை.

1. இந்த வேலை வேண்டும் என்று கேட்டது யார்? ஊர்க் கூட்டத்தில் பேசி முடிவானதா, வகுப்பறையில் முடிவானதா?

2. அடுத்த ஆண்டும் அதே ஊருக்கு இத்துறை போகுமா? போகும் என்று எழுத்தில் உள்ளதா?

3. ஊராரின் நேரத்திற்கும் உழைப்புக்கும் கணக்கில் தொகை ஒதுக்கப்பட்டுள்ளதா? ஓலை பின்னக் கற்றுக்கொடுக்கும் பெண்மணிக்கு ஆசிரியருக்குரிய ஊதியம் உண்டா?

4. எடுக்கும் படம், பதிவு, வரைபடம், அறிக்கை ஆகியவற்றின் படி ஊருக்குத் திரும்புமா, அதுவும் அவர்களுக்கு விளங்கும் மொழியில்?

5. உதவியோடு நிபந்தனை ஏதும் ஒட்டியிருக்கிறதா? எந்தச் சமயத்தின் பெயராலும், நம் சமயத்தின் பெயராலும்கூட, நிபந்தனை கூடாது. அவர்களுக்கு அவர்களுடைய மூதாதையரும் வழிபாடும் உண்டு. நமது பெயர்ப் பலகையை அங்கே மாட்ட வேண்டும் என்ற ஆசையும் நமக்கு வேண்டாம்.

இந்தக் கேள்விகளுக்கு நல்ல விடை சொல்லும் குழுவுக்குத் தாராளமாகக் கொடுப்போம். சொல்ல இயலாத குழுவை விரட்ட வேண்டியதில்லை. போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று, முதல் பயணத்திற்கு மட்டும் வண்டிச் செலவு கொடுப்போம். கேட்பதற்காகவே போகும் பயணமும் ஒரு பணிதான்.

நம் பிள்ளைகளுக்கே போதாதே?

இந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. நம் கல்வி நிதியில் கை வைக்காமல், இதற்கென விரும்பித் தருவோரிடம் தனிக் கணக்கில் பெறலாம் என்பது என் கருத்து. ஆனால் ஒன்று. தோட்டம் துண்டாடப்பட்டபோதும், மேம்பாட்டுக்கு விற்கப்பட்டபோதும், மூன்று தலைமுறை வாழ்ந்த இடத்தில் நமக்கு ஒரு சாண் நிலமும் உரிமையில்லை என்ற சொல்லைக் கேட்டவர்கள் நாம். நம்மைப்பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்றவர் பலர். அந்த ஆய்வேடுகள் தோட்டத்து மக்கள் கைக்கு வந்தது அரிது. ஆகவே புக்கிட் தம்போய் மக்களின் நிலைமை நமக்கு அந்நியமன்று. கேரித்தீவில் நம் பாட்டனாரும் அவர்கள் பாட்டனாரும் ஒரே ஆற்றைக் கடந்தவர்கள்.

செமாய் இனத்தவரான ஜூலி எடோ, மலாயாப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் பேராசிரியராகப் பணியாற்றி, பின்னர் ஜக்கோவாவின் தலைமை இயக்குநராகவும் பொறுப்பு வகித்தார். ஆய்வு செய்யப்படும் ஊரிலிருந்தே ஆய்வாளர் வருவார் என்பதற்கு அவரே சான்று. நமது ஸ்ரீ முருகன் நிலையத்தில் மாணவராக இருந்தவர் ஆசிரியராகத் திரும்பியதைப்போல, இன்று சேவைவழிக் கற்றல் குழுவை வரவேற்று ஆடிக்காட்டும் மா மெரிச் சிறுமி, பத்தாண்டுக்குப் பின் ஒரு குழுவை அழைத்துச்செல்லும் விரிவுரையாளராக வேண்டும். அவளது படிப்புக்கு உதவக் கேட்டு ஒரு கடிதம் வந்தால், அதற்கு மேற்கண்ட ஐந்து கேள்விகளும் தேவையில்லை.

வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இந்தத் தனிக் கணக்குப் பற்றிய முன்மொழிவு வைக்கப்படும். அன்பர்கள் தவறாது வந்திருந்து, கேள்வி கேட்டு, முடிவு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.